ஃபோர்க்லிஃப்டை சிஎன்ஜிக்கு மாத்தலாமா? ஆரல்வாய்மொழி குடோன், 2 எல்பிஜி, 2 டீசல்

ஆரல்_குடோன்:

அண்ணாச்சிமாரே, ஒரு விவரம் வேணும்.

ஆரல்வாய்மொழி பக்கம் முந்திரிக் குடோன். அண்டி ஆபீஸ்களுக்கு (முந்திரி உடைக்கிற ஆலைகளுக்கு) போற பச்சைக் கொட்டை 80 கிலோ சாக்கில் வருது. உடைச்சுத் தோல் எடுத்த பருப்பைத் தரம் பிரிச்சு, பேக் பண்ணி, அட்டைப்பெட்டியில் அனுப்புறோம். ரெண்டும் ஒரே கூரைக்குக் கீழதான். நாலு ஃபோர்க்லிஃப்ட் ஓடுது. ரெண்டு 2.5 டன், நிசான் கே21 எஞ்சின், எல்பிஜி. மத்த ரெண்டும் 3 டன் டீசல். ஷிப்ட் 9 மணி நேரம்னாலும் மணி மீட்டர்ல ஒரு வண்டிக்கு நாளைக்கு 5 மணி நேரம்தான் ஏறுது.

டீசல் புகை நாத்தம் பருப்புப் பெட்டியில் பிடிக்குதுன்னு வாங்குறவங்க சொல்றாங்க. எல்பிஜி சிலிண்டர் நேரத்துக்கு வந்து சேர மாட்டேங்குது. முதலாளி டவுன்ல சிஎன்ஜி ஆட்டோ ஓடுறதப் பாத்துட்டு நாலையும் சிஎன்ஜி ஆக்கிருவோம்னு நிக்காரு.

டீசல் வண்டியையும் மாத்த முடியுமா? கே21-ல என்னென்ன மாத்தணும்? சிலிண்டர் எங்க வைக்கிறது, ஒரு தடவை நிரப்பினா எவ்வளவு நேரம் ஓடும்? கேஸ் எப்படி நிரப்புறது, யார்கிட்ட அனுமதி வாங்கணும்? கூரை தகரம், முகடு 9 மீட்டர். ஆபீஸ் ஓரத்துல மட்டும் 4 மீட்டர் உயரத்துல கான்கிரீட் தளம். லாரியில் ஏத்துற சாய்தளம் 10-க்கு 1.

மார்த்தாண்டம்_மெக்கானிக்:

டீசல் ரெண்டையும் மொதல்லயே ஒதுக்கி வைங்க அண்ணாச்சி. டீசல் எஞ்சின்ல அமுக்க விகிதம் 17, 18 இருக்கும். சிஎன்ஜிங்கிறது பெரும்பாலும் மீத்தேன், அது அமுக்குன சூட்டுல மட்டும் தானா பத்தாது, தீப்பொறி வேணும். அப்போ ஹெட்டைக் கழட்டி இன்ஜெக்டர் இருக்கிற இடத்துல பிளக் போடணும், பிஸ்டன் குழியைக் கடைஞ்சு விகிதத்தை 12 பக்கம் இறக்கணும், த்ராட்டில், காயில், கிராங்க் சென்சார் எல்லாம் புதுசாப் போடணும். அந்தக் காசுல பழைய கேஸ் வண்டியே ஒண்ணு வாங்கிரலாம். டீசலும் கேஸும் கலந்து ஓடுற கிட் இருக்குன்னு யாராவது வருவாங்க. அது ஒரே வேகத்துல, நல்ல பாரத்துல ஓடுற ஜெனரேட்டருக்குச் சரி. ஃபோர்க்லிஃப்ட் பாதி நேரம் ஐடில்ல நிக்கும். அந்த நேரம் கேஸ் சரியா எரியாம புகைக்குழாய் வழியாப் போயிரும், டீசலும் பெருசா மிச்சமாகாது.

கே21 ரெண்டும் மாத்த லாயக்கான வண்டிதான். கேஸுக்குன்னே வந்த எஞ்சின், வால்வு சீட் கடினமானது, அதுல கை வைக்க வேண்டாம். மாத்த வேண்டியது இவ்வளவு.

முதல்ல ரெகுலேட்டர். இப்போ இருக்கிறது எல்பிஜி திரவத்தை ஆவியாக்குற வேப்பரைசர், அதுக்கு உள்ளே வர்ற அழுத்தம் 10 பாருக்குள்ளதான். சிஎன்ஜி சிலிண்டர்ல 200 பார். அந்த 200-ஐ முதல் கட்டத்துல ஒற்றை இலக்க பாருக்கும், அடுத்த கட்டத்துல காற்றழுத்தத்துக்கும் இறக்குற சிஎன்ஜி ரெகுலேட்டர் தனி. பழைய வேப்பரைசரை வச்சு ஒப்பேத்தலாம்னு எவன் சொன்னாலும் அவனை வண்டிப் பக்கம் விடாதீங்க.

அடுத்து காத்தையும் கேஸையும் கலக்குற மிக்ஸர். இங்கதான் நிறைய பேரு வழுக்குறாங்க. எல்பிஜியில உள்ள புரொப்பேன் ஒரு பங்குக்குக் காத்து 24 பங்கு வேணும், மீத்தேன் ஒரு பங்குக்கு 9.5 பங்கு போதும். அதாவது அதே காத்துக்கு இரண்டரை மடங்கு கன அளவு கேஸ் உள்ள போகணும். எல்பிஜி மிக்ஸரோட கேஸ் துவாரமும் ரெகுலேட்டர்ல இருந்து வர்ற ரப்பர் குழாயும் அதுக்குப் பத்தாது. ஐடில் நல்லா நிக்கும், லோடு எடுத்தா மூச்சு வாங்கும். மிக்ஸர், குழாய் ரெண்டையும் சிஎன்ஜி அளவுக்கு மாத்தணும்.

இதே கணக்குலதான் சக்தி குறையுறதும். உள்ள இழுக்கிற கலவையில புரொப்பேன் பிடிக்கிற இடம் 4 சதவீதம், மீத்தேன் பிடிக்கிறது 9.5. அந்த அளவுக்குக் காத்து கொறையுது. மீத்தேன் பைய எரியுறதும் சேர்ந்து, எல்பிஜியில இருந்து சுமார் 10 சதவீதம் இழுவை போகும். உங்க 10-க்கு 1 சாய்தளத்துல முழு லோடோட ஏறும்போது டிரைவருக்கு அது தெரியும். பேலட்டைத் தூக்குற வேகத்துல அவ்வளவாத் தெரியாது.

பைய எரியுறதால தீப்பொறி கொஞ்சம் முன்னாடி வரணும், எல்பிஜி டைமிங்ல இருந்து 3 முதல் 5 டிகிரி. பழைய எச்20, டொயோட்டா 4ஒய் மாதிரி டிஸ்ட்ரிபியூட்டர் வச்ச எஞ்சின்னா திருப்பி வச்சிரலாம். கே21-ல அதை இசியு (எஞ்சினோட கம்ப்யூட்டர்) பாத்துக்குது. அதனால டைமிங் அட்வான்ஸ் பெட்டி ஒண்ணு இடையில போடணும், இல்லேன்னா இசியு மேப் மாத்தத் தெரிஞ்ச ஆள் வேணும். இதை விட்டுட்டு ஓட்டினா புகைக்குழாய் செவக்கும், எக்ஸாஸ்ட் வால்வு கருகும். பிளக் புதுசு போடுங்க, இடைவெளி 0.7 மிமீக்கு மேல வேண்டாம். மீத்தேனுக்குப் பொறி வோல்டேஜ் கூட வேணும், பழைய பிளக் ஒயர் இருட்டுல மினுங்கும்.

பைப் 6 மிமீ வெளி விட்டம், தையல் இல்லாத ஸ்டெய்ன்லெஸ் ஸ்டீல். உப்புக் காத்து அடிக்கிற ஊர்ல 316 தரம் கேளுங்க, 304 வேண்டாம். கூட்டு எல்லாம் இரட்டை ஃபெரூல், அதாவது பைப்பைக் கவ்வுற ரெண்டு வளையம் வச்சது. நட்டை விரலால இறுக்கி, 6 மணி இடத்துல மார்க்கர் கோடு போட்டு, ஒண்ணேகால் சுத்து சுத்தி 9 மணிக்குக் கொண்டு வந்து நிறுத்தணும். ஒரு கம்பெனி நட்டு, வேற கம்பெனி ஃபெரூல்னு கலக்கக் கூடாது. அந்த நட்டு மரையில டெஃப்லான் டேப் சுத்துறவன் வேலை தெரியாதவன். டேப் சரிவு மரைக்கு மட்டும்.

கோணம்_சேஃப்டி:

எஞ்சின் பற்றி மேலே சொன்னது சரி. சிலிண்டரும் இடமும் பற்றி நான் சொல்கிறேன்.

60 லிட்டர் தண்ணீர்க் கொள்ளளவுள்ள எஃகு சிலிண்டர் சுமார் 32 செமீ விட்டம், கிட்டத்தட்ட ஒரு மீட்டர் நீளம். காலி எடை லிட்டருக்கு ஒரு கிலோ என்று வைத்துக்கொள்ளுங்கள். கேஸும் தாங்கியும் சேர்ந்தால் 85 கிலோவை நெருங்கும். இப்போது பின்னால் இருக்கும் எல்பிஜி சிலிண்டரைப் போல இரு மடங்குக்கும் மேல். 2.5 டன் வண்டியின் அகலம் 1.15 மீட்டர் அளவில்தான் இருக்கும். குறுக்காக வைத்தால் வால்வோடு சேர்த்து இரண்டு பக்கமும் ஐந்து செமீ கூட மிஞ்சாது. வால்வு ஒருபோதும் வண்டியின் உடல் கோட்டுக்கு வெளியே நிற்கக் கூடாது. பின்னால் எடுக்கும்போது ரேக் தூணில் முதலில் இடிபடுவது அதுதான். வால்வைச் சுற்றித் தகடு வைத்த காப்பு கட்டாயம்.

கவுண்டர்வெயிட்டில் (வண்டியின் பின்னால் உள்ள எதிர் எடையில்) புதிதாகத் துளை போடக் கூடாது. எல்பிஜி தாங்கிக்கு ஏற்கெனவே உள்ள துளைகளில்தான் புதிய தாங்கி உட்கார வேண்டும். குறைந்தது இரண்டு பட்டை, போல்ட் 8.8 தரம். ஓட்டுநர் பின்னால் திரும்பிப் பார்க்கும் பார்வையைச் சிலிண்டர் மறைக்கிறதா என்று இருக்கையில் உட்கார்ந்து பாருங்கள். மறைத்தால் அது கண்ணாடி வைத்துச் சமாளிக்கும் விஷயமல்ல, இடத்தை மாற்ற வேண்டும். ஓட்டுநர் தலைக்கு மேல் உள்ள கூரைக் காப்புக்கு மேலே சிலிண்டரை ஏற்றும் யோசனை வந்தால் நிராகரித்துவிடுங்கள், எடை மையம் மேலே போகும், திருப்பத்தில் வண்டி சாயும். எடை கூடியதால் தயாரிப்பாளரிடம் எழுத்தில் ஒப்புதல் வாங்கி, எவ்வளவு தூக்கலாம் என்று எழுதிய சுமைத் தகட்டைத் திருத்தி ஒட்ட வேண்டும்.

எல்பிஜியிலிருந்து மாறும்போது குடோனைப் பார்க்கும் பார்வையும் தலைகீழாக மாற வேண்டும். எல்பிஜி காற்றைவிடக் கனம். கசிந்தால் லாரி மேடைப் பள்ளத்திலும் வடிகாலிலும் தேங்கும். மீத்தேன் காற்றில் பாதியளவு கனம்தான், நேரே மேலே போகும். உங்கள் 9 மீட்டர் தகர முகட்டில் காற்றுச் சுழலி இருந்தால் அது தானாக வெளியேறும். பிரச்சினை அந்த 4 மீட்டர் கான்கிரீட் தளம். உத்திரங்களுக்கு இடையில் அது தேங்கும், அங்கேதான் டியூப் லைட்டும் ஃபேனும் இருக்கும். அந்தத் தளத்துக்குக் கீழே சிஎன்ஜி வண்டியை நிறுத்தவே கூடாது. மீத்தேன் காற்றில் 5 முதல் 15 சதவீதம் இருந்தால் தீப்பிடிக்கும். கண்டறியும் கருவியைத் தரையில் அல்ல, கூரையையொட்டி வைத்து, கீழ் எல்லையின் 20 சதவீதத்தில், அதாவது காற்றில் 1 சதவீத மீத்தேனில், மணி அடிக்கும்படி அமையுங்கள். ஆரல் கணவாயில் ஆனி, ஆடியில் காற்று பிய்த்துக்கொண்டு போகும், அப்போது கவலை குறைவு. ஐப்பசி மழையில் ஷட்டர் எல்லாம் இறக்கி வேலை நடக்கும் நாள்தான் கணக்கில் எடுக்க வேண்டிய நாள்.

கார்பன் மோனாக்சைடை மறந்துவிடுகிறார்கள். சிஎன்ஜி சுத்தம் என்றால் டியூன் செய்த பிறகுதான் சுத்தம். கலவை தடித்தால் சிஎன்ஜி வண்டியும் டீசலை விட அதிகமாக அதைக் கக்கும், அதற்கு மணமும் கிடையாது. 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை 8 மணி நேரச் சராசரிக்கு 50 பிபிஎம் எல்லை வைத்திருந்தது, அதைத் தாண்ட விடாதீர்கள். பருப்பு தரம் பிரிக்கும் பெண்கள் உட்காரும் இடத்தில் மூச்சு உயரத்தில் அளந்து பாருங்கள்.

அனுமதி: சிலிண்டரும் வால்வும் பெசோ (மத்திய அரசின் பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) ஒப்புதல் பெற்றவையாக இருக்க வேண்டும், எரிவாயு சிலிண்டர் விதிகள் 2016 இதற்குப் பொருந்தும். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை நீரழுத்தச் சோதனை. குடோன் வளாகத்திலேயே நிரப்பும் ஏற்பாடு வைத்தால் அதற்குத் தனியாகப் பெசோ உரிமம் வேண்டும். தென் மண்டல அலுவலகம் சென்னையில் இருக்கிறது. நீங்கள் பருப்பைப் பேக் செய்வதால் சட்டத்தின் கண்ணில் அது உற்பத்தி, ஆட்கள் எண்ணிக்கையும் இருந்தால் நீங்கள் தொழிற்சாலை. அப்படியானால் ஆண்டுக்கு ஒருமுறை தகுதியுள்ள நபர் தூக்கும் இயந்திரத்தைச் சோதிக்க வேண்டும். மாற்றம் செய்த பிறகு அந்த ஆண்டு முடியும்வரை காத்திருக்காமல் உடனே ஒரு சோதனை செய்து சான்று வாங்குங்கள். காப்பீட்டு நிறுவனத்துக்கு எரிபொருள் மாற்றத்தை எழுத்தில் தெரிவியுங்கள்.

தக்கலை_கணக்கு:

எல்லாரும் வண்டியைப் பற்றிப் பேசுகிறார்கள். வண்டி மாறிவிடும். கேஸ் எப்படி வந்து சேரும் என்பதில்தான் இது நிற்கிறதா விழுகிறதா என்பது முடிவாகும்.

முதலில் அளவு. 2.5 டன் கேஸ் வண்டிக்கு மணிக்கு 2 கிலோ என்று வையுங்கள். மணி மீட்டரில் 5 மணி நேரம் என்றால் நாளுக்கு 10 கிலோ, இரண்டு வண்டிக்கும் 20 கிலோ. 60 லிட்டர் சிலிண்டரில் 200 பாரில் 15 டிகிரிக்கு 10 கிலோ வரை பிடிக்கும். நம் ஊர் வெயிலில், பங்க்கில் அவசரமாக ஏற்றும்போது சிலிண்டர் சூடாகி, மீட்டர் 200 காட்டி நின்றுவிடும். ஆறியதும் 170-க்கு இறங்கும். கையில் கிடைப்பது 8 கிலோ அளவில்தான். அதிலும் கடைசி 20 பாரில் இழுவை போய்விடும். எனவே வேகமாக நிரப்பினால் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் கணக்குப் போடாதீர்கள்.

இப்போது அந்த 20 கிலோவை எங்கே நிரப்புவீர்கள்? பங்க்குக்கு வண்டியை ஓட்டிப் போக முடியாது. பதிவு எண் இல்லை, கட்டை டயர், விளக்கும் பிரேக்கும் ரோட்டுக்கானவை அல்ல. சிலிண்டரை மட்டும் கழற்றி ஆட்டோவில் போட்டு அனுப்பலாம் என்று முதலாளி சொல்வார். வண்டியில் பொருத்தாத சிலிண்டரைப் பங்க்கில் நிரப்பமாட்டார்கள், நிரப்பவும் கூடாது. எல்பிஜியில் பழகிய ‘காலியைக் கொடு, நிறைஞ்சதை எடு’ முறை சிஎன்ஜியில் கிடையாது. இதுதான் இரண்டுக்கும் உள்ள பெரிய வித்தியாசம்.

மீதி இரண்டு வழி. ஒன்று, லாரியில் கேஸ்கேட் (ஒன்றாக இணைத்த சிலிண்டர் அடுக்கு) கொண்டுவந்து வளாகத்தில் நிரப்புவது. 3000 லிட்டர் கொள்ளளவுள்ள கேஸ்கேட் 450 கிலோவுக்கு மேல் சுமக்கும். உங்களுக்கு அது மூன்று வாரச் செலவு. எந்த நிறுவனமும் அந்தக் கேஸ்கேட்டை மூன்று வாரம் உங்கள் வாசலில் நிறுத்தி வைக்காது. வைத்தாலும், கம்ப்ரஸர் இல்லாமல் அழுத்த வித்தியாசத்தில் மட்டும் நிரப்பினால் பாதி காலியானதும் உங்கள் சிலிண்டர் 100, 120 பாரோடு நின்றுவிடும். 120 பார் என்றால் ஐந்தரை கிலோ.

இரண்டாவது, குழாய் வழி எரிவாயு இணைப்பு வாங்கி, சிறு கம்ப்ரஸர் வைத்து இரவில் மெதுவாக ஏற்றுவது. இதுதான் சரியான வழி. ஆனால் குழாய் உங்கள் தெரு வரை வந்திருக்க வேண்டும். ராமநாதபுரம் முதல் தூத்துக்குடி வரை 143 கிமீ இயற்கை எரிவாயுக் குழாய் 2021 பிப்ரவரியில் தொடங்கிவைக்கப்பட்டது. அது தூத்துக்குடி. ஆரல்வாய்மொழியில் உங்கள் கேட்டுக்கு எப்போது வரும் என்று உங்கள் பகுதி நகர எரிவாயு நிறுவனத்திடம் தேதி போட்டு எழுத்தில் கேளுங்கள். ‘சீக்கிரம் வரும்’ என்ற வாய்ப்பேச்சை நம்பி கிட் வாங்க வேண்டாம்.

விலை ஒப்பிட ஒரு சுருக்கு வழி: 1 கிலோ சிஎன்ஜியின் வெப்பம் 1.3 லிட்டர் டீசலுக்குச் சமம். ஆனால் டீசல் எஞ்சின் சிக்கனம் அதிகம். அதனால் வேலை கணக்கில் 1 கிலோ சிஎன்ஜியும் 1 லிட்டர் டீசலும் ஏறக்குறைய ஒன்று. எல்பிஜியோடு ஒப்பிட்டால் கிலோவுக்குக் கிலோ, சிஎன்ஜி 4, 5 சதவீதம் கூடுதல். அன்றைய விலையை இதில் போட்டு, கிட் செலவையும் மூன்றாண்டுச் சோதனையையும் சேர்த்தால் இரண்டு வண்டிக்கு ஆகுமா ஆகாதா என்று அரை மணி நேரத்தில் தெரியும்.

குளச்சல்_கோல்டுஸ்டோர்:

அப்போ எதுக்கு இந்தப் பாடு? பேட்டரி வண்டி வாங்குங்க. பருப்புல நாத்தம் ஏறுதுன்னுதானே தொடங்குச்சு? பேட்டரியில புகையும் இல்ல, மோனாக்சைடும் இல்ல, பெசோவும் இல்ல. லித்தியம்னா மதியச் சாப்பாட்டு நேரத்துல ஒரு மணி நேரம் சார்ஜ் போட்டாலே நாளைக்கு 5 மணி நேர ஓட்டத்துக்குப் போதும். லெட் ஆசிட்னா விலை கொறவு, ஆனா டிஸ்டில்டு வாட்டர் ஊத்த ஒரு ஆள், சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வெளியேற காத்தோட்டமான மூலை, முழு சார்ஜுக்கு 8 மணி நேரம்.

டீசல் ரெண்டையும் பச்சைக் கொட்டை இறக்குற வெளி முற்றத்துக்குத் தள்ளுங்க. சாக்குக்கு நாத்தம் பிரச்சினை இல்ல. பருப்புப் பக்கம் கேஸும் பேட்டரியும் மட்டும். ஒரு ரூபா செலவில்லாம பாதிக் குறை தீரும்.

மார்த்தாண்டம்_மெக்கானிக்:

குளச்சல்காரர் டீசலை வெளிய தள்ளச் சொன்னது நல்ல யோசனை. பேட்டரியும் நல்லதுதான், ஆனா மழையில ஈரமான சாய்தளத்துல முழு லோடோட நாள் முழுக்க ஏறி இறங்குற வேலைன்னா வாங்குறதுக்கு முன்ன அந்தச் சாய்தளத்துலேயே ஓட்டிக் காட்டச் சொல்லுங்க. காட்டலாக்ல போட்டிருக்கிற சாய்வு சில நிமிஷத்துக்கான கணக்கு, ஷிப்ட் முழுக்க இல்ல.

எல்பிஜி சிலிண்டர் நேரத்துக்கு வரலேன்னு சொன்னீங்க. 19 கிலோ ஹோட்டல் சிலிண்டரை மாட்டிச் சமாளிக்காதீங்க. அது ஆவியை மேல இருந்து எடுக்கிற சிலிண்டர். உங்க வேப்பரைசருக்குத் திரவம் வேணும். ஃபோர்க்லிஃப்ட்டுக்குன்னு வர்றதுல உள்ளே குழாய் அடி வரை போய்த் திரவத்தை இழுக்கும். படுக்க வைக்கும்போது அடையாளக் குழி சரியான பக்கம் பாத்து உக்காரணும், இல்லேன்னா பாதி கேஸ் உள்ளேயே கிடக்கும், ‘சீக்கிரம் தீருது’ன்னு புகார் வரும். உங்க ஆளுங்களை இதை முதல்ல பாக்கச் சொல்லுங்க.

ஆரல்_குடோன்:

ரொம்ப உபகாரம். குழாய் விஷயம் எழுத்துல கேட்டு வாங்குறேன். சிலிண்டர் படுக்க வைக்கிறதை இன்னைக்குப் பாத்தோம், ரெண்டுல ஒண்ணு தப்பாத்தான் இருந்துச்சு. டீசல் நாளையில இருந்து முற்றத்துக்கு.

ரெண்டு கேள்வி மிச்சம். நாளைக்குக் குழாய் வந்துட்டா, கம்ப்ரஸர் எவ்வளவு பெருசு வேணும்? மாத்தின வண்டியில என்னென்ன தொந்தரவு வரும்னு முன்கூட்டியே தெரிஞ்சா டிரைவர்களைப் பழக்கிரலாம்.

மார்த்தாண்டம்_மெக்கானிக்:

தொந்தரவை நான் சொல்றேன்.

ரெகுலேட்டர் உறையும். வெயில் 35 டிகிரி அடிக்கும்போது ரெகுலேட்டர் மேல பனி பூத்து நிக்கும், டிரைவர் நம்ப மாட்டான். 200 பார்ல இருந்து சட்டுன்னு இறங்கும்போது கேஸ் ரொம்பக் குளிரும். அதனாலதான் ரேடியேட்டர் சுடுதண்ணி ரெகுலேட்டர் வழியாப் போகுது. உறைஞ்சா ரெகுலேட்டர்ல குத்தம் தேடாதீங்க, கூலன்ட் மட்டத்தைப் பாருங்க. அதுக்கப்புறம் குழாய்ல காத்துக் குமிழ் அடைச்சிருக்கான்னு, தெர்மோஸ்டாட் திறந்தே கிடக்கான்னு பாருங்க.

எண்ணெய் வரும். கம்ப்ரஸர்ல இருந்து கேஸோட சேர்ந்து வர்ற எண்ணெய் ரெகுலேட்டர் டயாஃப்ரத்துல ஒட்டி, ஐடில் ஏறி இறங்கும். ரெகுலேட்டருக்கு முன்ன ஒரு ஃபில்டர் போட்டு வாரம் ஒருக்கா வடிச்சு விடுங்க.

ஏர்கிளீனர்ல வெடி அடிச்சா, ஆளுங்க முதல்ல கலவையைத் திருகுவாங்க. பெரும்பாலும் குத்தம் பிளக் ஒயரும் காயிலும்தான். அதைப் பாத்துட்டு மிக்ஸரைத் தொடுங்க.

டியூனிங் ஐடில்ல மட்டும் பண்ணிட்டுப் போறவனை விடாதீங்க. புகை அனலைசரை மாட்டி மூணு நிலையில பாக்கணும். ஐடில் ஒண்ணு. லோடு இல்லாம 2000 ஆர்பிஎம் ரெண்டு. மூணாவது, மாஸ்ட்டை (முன்னால லோடு தூக்குற சட்டத்தை) முழுக்கப் பின்னால சாய்ச்சு லீவரை இழுத்துப் பிடிச்சா ரிலீஃப் வால்வு திறந்து எஞ்சினுக்கு லோடு ஏறும், அப்போ ஒரு அளவு. 10 செகண்டுக்கு மேல பிடிக்காதீங்க, எண்ணெய் கொதிச்சிரும். மூணுலயும் மோனாக்சைடு அரை சதவீதத்துக்குக் கீழ இருக்கணும்.

கேஸ் தீர்ற விஷயம் டிரைவருக்கு அழுத்திச் சொல்லணும். பேலட் மேல இருக்கும்போது எஞ்சின் நின்னா ஸ்டியரிங் கல்லு மாதிரி ஆயிரும். 50 பார் விளக்கு வந்ததும் சாய்தளத்துல ஏறக் கூடாது, கைல இருக்கிற லோடை இறக்கிட்டு நிரப்பப் போகணும்.

கசிவு பாக்குறது சோப்புத் தண்ணிதான். குமிழ் வந்தா அப்படியே ஸ்பானர் போட்டு இறுக்காதீங்க. சிலிண்டர் வால்வை மூடி, எஞ்சின் தானா நிக்குற வரை ஓட்டி, பைப்ல அழுத்தம் போனப்புறம்தான் நட்டைத் தொடணும்.

கோணம்_சேஃப்டி:

இதோடு ஒன்று. பட்டைக்குக் கீழே வைக்கும் ரப்பர் உப்பு ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மேலே பளபளப்பாக இருக்கும் சிலிண்டர் பட்டைக்கு அடியில் குழி விழுந்து துருப்பிடித்திருக்கும், நீரழுத்தச் சோதனைக்கு அனுப்பியதும் தள்ளுபடியாகித் திரும்பி வரும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேஸ் தீர்ந்த நேரத்தில் பட்டையைத் தளர்த்தி ரப்பரைத் துடைத்து, உரிந்த இடத்தில் பெயின்ட் அடியுங்கள். வெல்டிங்கோ கிரைண்டரோ சிலிண்டர் பக்கம் கூடவே கூடாது. சிலிண்டரின் அழுத்தத்தை வெளியேற்றும் பாதுகாப்பு வால்வில் உள்ள உருகும் அடைப்பு 110 டிகிரி அளவில் திறக்கும். புகைக்குழாய் பக்கத்தில் இருந்தால் இடையே வெப்பத் தடுப்புத் தகடு வேண்டும்.

தக்கலை_கணக்கு:

கம்ப்ரஸர் கணக்கு: 20 கிலோ என்பது சுமார் 28 கன மீட்டர் கேஸ், ஒரு கிலோவுக்கு 1.4 கன மீட்டர். இரவு 10 மணி நேரம் கிடைத்தால் மணிக்கு 3 கன மீட்டர் தரும் சிறிய கம்ப்ரஸர் போதும். பெரியது வாங்கி வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகும், முன்னே சொன்ன 8 கிலோ கதைதான். மெதுவாக நிரப்பினால் சிலிண்டர் ஆறிக்கொண்டே நிறையும், ஒன்பதரை கிலோ வரை எதிர்பார்க்கலாம். 10 கிலோ தேவைக்கு அரை கிலோ குறைகிறது, கடைசி 20 பாரும் கணக்கில் இல்லை. மதியச் சாப்பாட்டு நேரத்தில் இரண்டு வண்டியையும் ஒரு மணி நேரம் மாட்டி வைத்தால் ஆளுக்கு ஒரு கிலோ ஏறும், பொழுது ஓடிவிடும். ஏற்றுமதி நெருக்கடி நாளில் அது பத்தாது, அன்றைக்கு முற்றத்து டீசலில் ஒன்றை உள்ளே கூப்பிட வேண்டியதுதான்.

கரண்ட் செலவு கிலோவுக்கு அரை யூனிட் அளவில் சேர்த்துக்கொள்ளுங்கள். கரண்ட் போனால் நிரப்பல் நிற்கும், திரும்ப வந்ததும் கம்ப்ரஸர் தானாகத் தொடங்குமா, கையால் தொடங்க வேண்டுமா என்று வாங்கும்போதே கேளுங்கள். கையால் என்றால் இரவுக் காவலாளிக்கு அது ஒரு வேலை.

நிரப்பும் இடம் குடோனுக்கு உள்ளே வேண்டாம். பக்கம் திறந்த, மேலே மட்டும் கூரையுள்ள ஷெட், அந்தக் கூரையும் ஒரு பக்கம் சாய்வாக, மேல் விளிம்பு திறந்ததாக இருக்கட்டும். குழாய் இணைப்புக்கு விண்ணப்பிக்கும்போது மீட்டர் இடத்தை இந்த ஷெட்டை மனதில் வைத்தே காட்டிக் கொடுங்கள். பிறகு மாற்றுவது தனிச் செலவு.